பழைய பிக்கப்பை வீட்டிலேயே புதுப்பிக்க: வேலூர் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இன்று மூன்று மாவட்டமாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டத்தில், மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ மில்லின் பின்புறத்திலோ ஒரு மஹிந்திரா ஜீப், ஜீப் சேஸிஸில் கட்டிய பிக்கப், அல்லது ஒரு டாடா மொபைல் நிற்காத ஊர் குறைவு. அதைக் காயலான் கடைக்கு அனுப்ப மனசு வராமல், வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஓடவைக்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது.

எந்த வண்டியை எடுத்தால் முடித்துக் காட்ட முடியும்?

பாகம் கிடைக்கிற வண்டியை. மஹிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டு வண்டி கட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பின் சி.ஜே.3பி வடிவம் பல பத்தாண்டுகள் ஓடியதால் கேஸ்கட், கிங்பின் கிட், வீல் சிலிண்டர், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் கடையில் கேட்டு வாங்கலாம். 1988-இல் வந்த டாடா மொபைல் 206-உம் அப்படித்தான். பின்னால் வந்த 207 அதே வம்சம் என்பதால் நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய வண்டி. பழைய டாட்ஜ், செவ்ரோலே, ஃபோர்டு பிக்கப்புகளில் இன்ஜின் வேலைக்குக் கூட வழி உண்டு. கதவு ரப்பர், கண்ணாடி, விளக்கு வளையம் போன்ற சில்லறை பாகங்களில்தான் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். முதல் வண்டியாக அது வேண்டாம்.

வாங்கும்போதோ ஷெட்டிலிருந்து எடுக்கும்போதோ முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சேஸிஸ் நம்பரை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பதும் இதே பென்சில் பிரிண்ட்தான். ஆர்.சி. புக்கில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் அதில் தெரிய வேண்டும். எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லை, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய கோடு தெரிகிறது, அல்லது அந்த இடத்தில் மட்டும் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருக்கிறது என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகான வண்டியானாலும் சரி. நம்பர் சரியாக இருந்தால், வேலை முடியும்வரை அந்த இடத்தின் மேல் டேப் ஒட்டி வைத்திருங்கள். சாண்ட் பிளாஸ்டிங்கில் நம்பர் அழிந்துபோனால் பிறகு படுவது பெரும்பாடு.

அடுத்தது சுத்தியல். சேஸிஸை அரை அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். கமான் பட்டை (வண்டியைத் தாங்கும் வில் பட்டை) தொங்கும் பிராக்கெட், கேபின் உட்காரும் மவுண்டிங், பின் தொட்டிக்குக் கீழே குறுக்குச் சட்டம், இந்த மூன்றும்தான் முதலில் போகும் இடங்கள். பிறகு டேப்பால் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் சேஸிஸ் கோணியிருக்கிறது என்று பொருள். முன்பு எப்போதோ எங்கேயோ பலமாக மோதியிருக்கும்.

ஆர்.சி. இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31-இல் விண்ணப்பிக்க வேண்டும். இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயரை மாற்ற வேண்டும் என்பது விதி. தாண்டியிருந்தாலும் வழி உண்டு, அபராதம் சேரும். ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். அத்தை, சித்தப்பா எல்லோருடைய கையெழுத்தும் தேவைப்படும். வண்டி பளபளவென்று வந்து நின்றபிறகு யாருக்கு என்ற பேச்சு எழுந்தால் கையெழுத்து வாங்குவது கஷ்டம்.

பிக்கப் சரக்கு வாகனமாகப் பதிவாகியிருந்தால்?

8 வருஷம் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. சொந்த உபயோக வாகனமாகப் பதிவான ஜீப் என்றால் 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். இரண்டுக்கும் கட்டணம் அண்மைக் காலத்தில் பலமடங்கு ஏறியிருக்கிறது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பார்த்துப் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பசுமை வரியையும் சேர்த்து.

விண்டேஜ் பதிவு வாங்கிவிடலாமா?

பெரும்பாலான பிக்கப்புக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த மத்திய விதியின்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, சொந்த உபயோக இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்குத்தான் ‘வி.ஏ.’ எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு ரூ. 20,000, செல்லுபடி 10 வருஷம். சேஸிஸ், பாடி, இன்ஜின் அசல் நிலையில் இருக்க வேண்டும். அந்த நம்பரில் அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் எடுக்கலாம். நிலத்துக்கும் சந்தைக்கும் ஓட்ட நினைக்கும் வண்டிக்கு டி.என். 23 நம்பரே நல்லது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

பேப்பர், சேஸிஸ், பிரேக்கும் ஸ்டியரிங்கும், இன்ஜின், வயரிங், டிங்கரிங் (பாடித் தகட்டு வேலை), பெயிண்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாதியில் நின்றுபோன வண்டிகளைப் போய்ப் பாருங்கள்: பெயிண்ட் புதிதாக இருக்கும், சக்கரம் சுற்றாது. வீட்டில் எல்லோருக்கும் கண்ணில் தெரிவது நிறம்தான் என்பதால் அதில்தான் முதலில் பணம் போகிறது. அதன்பின் இன்ஜினை இறக்கும்போது மட்கார்டில் கீறல், வெல்டிங் பொறியில் கருகல், பிரேக் ஆயில் சொட்டி உரிந்துவந்த பெயிண்ட் என்று போட்ட காசு வீணாகிறது. பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். பிரித்தபிறகு தெரியவரும் வேலைக்கு அது வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

உண்மையான வேலையைக் கொடுங்கள், வேடிக்கை பார்க்க மட்டும் உட்காரவைக்காதீர்கள். எட்டு, பத்து வயதில் போட்டோ எடுப்பதும் சீட்டு எழுதுவதும் அவர்கள் பொறுப்பு. ஒரு பாகத்தைக் கழற்றுமுன் இரண்டு கோணத்தில் படம், கழற்றிய போல்ட், வாஷர் ஒரு ஜிப் கவரில், உள்ளே சீட்டு: ‘இடது கதவு, மேல் கீல், 3 போல்ட், 1 ஷிம்’. ஆறு மாதம் கழித்துக் கதவை மாட்டும்போது இந்தச் சீட்டு இல்லாவிட்டால் ஒரு நாள் முழுக்கப் போகும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வயரிங், கார்புரேட்டர் சுத்தம், தண்ணீர் பேப்பர் தேய்ப்பது வரை செய்யலாம். தையல் மிஷின் தெரிந்தவருக்கு சீட் கவர். வண்டியை அந்தக் காலத்தில் ஓட்டிய பெரியவரை ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த கியர் நழுவும், எந்தப் பக்கம் இழுக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

பிள்ளைகளை விலக்கிவைக்க வேண்டிய இடங்கள்: பிரேக் டிரம் கழற்றும் இடம் (பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள்), பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் அடிக்கும் இடம், வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும் நேரம். ஸ்டாண்டு வைக்காமல் பெரியவர்களும் அடியில் போகக் கூடாது.

துருவை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

சின்ன பாகங்களுக்கு முடியும். பிளாஸ்டிக் டிரம்மில் 20 லிட்டர் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்துக்கு பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ், பிறகு தூக்கிப்போடக்கூடிய ஒரு சாதா இரும்புத் தகட்டுக்கு பாசிட்டிவ். இரண்டும் தொடக் கூடாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சார்ஜர் வேண்டும், புது ‘ஸ்மார்ட்’ சார்ஜர் இதற்கு வேலை செய்யாது. ஒரு ராத்திரி விட்டால் துரு கறுப்புச் சேறாக உதிரும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்தவெளியில், பீடி சிகரெட் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரத்தை ஒருபோதும் போடாதீர்கள். அதிலிருந்து வெளிவரும் ஆறிணைய குரோமியம், ராணிப்பேட்டை சிப்காட்டில் கொட்டிக்கிடந்த கழிவால் நிலத்தடி நீரைக் கெடுத்த அதே நஞ்சு. நம் மாவட்டக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. கமான் பட்டை, ஸ்டியரிங் பாகங்களையும் இந்த முறையில் போட வேண்டாம். கடின எஃகு ஹைட்ரஜன் ஏறினால் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

சேஸிஸ் விரிசலுக்கு வெல்டிங் போதுமா?

விரிசலை மட்டும் மூடினால் பக்கத்தில் மறுபடி விடும். விரிசல் நுனியில் சின்ன துளை போட்டு நிறுத்தி, உள்வரை வெட்டி நிரப்பி வெல்ட் செய்து, மேலே அதே கனத்தில் தகடு வைக்க வேண்டும். அந்தத் தகட்டின் இரு முனையும் சாய்வாக இருக்கட்டும். சேஸிஸுக்குக் குறுக்கே நெட்டுக்குத்தாக ஒரே கோடாக வெல்ட் ஓடினால் அடுத்த முறிவு அந்தக் கோட்டில்தான். மேல், கீழ் விளிம்பில் துளை போடாதீர்கள். வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியின் இரண்டு டெர்மினலையும் கழற்றுங்கள்.

பிரேக்கில் என்னென்ன மாற்ற வேண்டும்?

ரப்பர் உள்ளது எல்லாவற்றையும். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட், மூன்று ஹோஸ் ஆகியவற்றைப் பார்க்காமலேயே மாற்றுங்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. ‘பிரேக் ஜாம்’ என்று டிரம்மைத் திரும்பத் திரும்பக் கழற்றுவோர் இதைப் பார்ப்பதில்லை.

பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கோ ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போய்விடும். முன், பின் தனித்தனியாகப் பிரியும் டேண்டம் மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதை வலியுறுத்திச் சொல்கிறோம். அசல் தோற்றம் கெடாது, உயிர் காக்கும். பைப் 3/16 இன்ச் ஸ்டீல் அல்லது காப்பர்-நிக்கல், முனை இரட்டை ஃப்ளேர். ஏ.சி. கடையில் கிடைக்கும் சாதா செம்புக் குழாயை யார் சொன்னாலும் போடாதீர்கள். அதிர்வில் வெடிக்கும்.

பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுக்கும் வரிசை, வலது கை ஸ்டியரிங் வண்டியில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. தூரத்தில் உள்ளது முதலில். டாட் 3 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடி திறந்து பாதி தீர்ந்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாமல், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள்.

இன்னொன்று. பழைய வில்லிஸ் வழி ஜீப்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியரும் தாங்காது. கட்டை போடாமல் கழற்றாதீர்கள்.

சக்கர நட்டு கழலவே மாட்டேன் என்கிறது?

அது இடது பக்கமா? அந்தக் கால ஜீப்களில் இடது சக்கரங்களுக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். ஸ்டட் நுனியில் ‘எல்’ எழுத்து இருக்கும். பைப் செருகி எதிர்த்திசையில் ஏறி மிதித்து ஸ்டட் முறிப்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது.

பெட்ரோல் ஜீப் மே மாதத்தில் நடுவழியில் நின்றுவிடுகிறது. ஏன்?

வேலூர் வெயிலுக்கு இது வழக்கமான நோய். பெட்ரோல் ஜீப்பின் 2199 சி.சி. ஹரிகேன் இன்ஜினில் பெட்ரோல் பைப் சூடான பாகங்களுக்கு அருகே போனால் உள்ளேயே ஆவியாகி, பம்ப்பால் இழுக்க முடியாது. முதலில் பிளக் வயரைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி நீலமாக வந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் இல்லையென்றால் ஆவியடைப்பு. பைப்பை சைலென்ஸர் பக்கமிருந்து தள்ளி ஓட்டி, வெப்ப உறை போடுங்கள். பொறியே இல்லையென்றால் கண்டன்சர் அல்லது காயில். இரண்டும் சூட்டில்தான் கைவிடும், ஆறினால் வேலை செய்யும். அதனால்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

செட்டிங்: பிளக் இடைவெளி 0.030 இன்ச், பாயிண்ட் 0.020 இன்ச், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இன்ஜின் ஆறியபோது டேப்பட் (வால்வு இடைவெளி) இன்லெட் 0.018 இன்ச், எக்ஸாஸ்ட் 0.016 இன்ச். இந்த இன்ஜினில் இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருப்பதால், மேல் மூடியை மட்டும் திறந்து ‘டேப்பட் பார்த்துவிட்டேன்’ என்றால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய டயஃப்ரம், ரப்பர் ஹோஸ், கார்க் கேஸ்கட் அதில் ஊறிக் கெடும். எத்தனால் தாங்கும் பம்ப் கிட்டும் ஹோஸும் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்க்கைக் காலி செய்யுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக அடியில் பிரியும், டாங்க் உள்ளிருந்தே அரிக்கும்.

சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாமா?

வேண்டாம். கழற்றினால் மார்கழியில் இன்ஜின் சூடேறாமல் பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் சேறு கட்டும். உண்மைக் காரணம் ரேடியேட்டருக்குள் படிந்த உப்பு. பாலாற்றுப் படுகையில் பல இடத்து போர் தண்ணீர் உப்பு மிகுந்தது. ரேடியேட்டரை ராடு போட்டுச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் மட்டும் ஊற்றுங்கள். புது வண்டியின் அதிக அழுத்த மூடியைப் போட்டால் பழைய பித்தளை ரேடியேட்டரின் ஈயப்பற்று விடும்.

டீசல் இன்ஜின் வண்டி என்றால்?

மஹிந்திராவின் 2112 சி.சி. பெஜோ எக்ஸ்.டி.பி. இன்ஜின் நல்ல உழைப்பாளி. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் செல்ஃபை (ஸ்டார்ட்டர் மோட்டாரை) அடித்துக் கொல்லாமல் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள்: வயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவுக்கும் பிளக் முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வையுங்கள், எரிந்தால் பிளக் நலம். ஓடிக்கொண்டே நின்றுபோனால் முதல் சந்தேகம் காற்று: ஃபில்டர் வாஷர், ஃபீட் பைப் முனை. பம்ப், நாசில் இரண்டையும் வீட்டில் பிரிக்க வேண்டாம். கேலிபரேஷன் கடைக்குக் கொடுங்கள்.

கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்?

90 கனம், ஜி.எல்.-4. ‘இன்னும் உசத்தி’ என்று ஜி.எல்.-5 ஊற்றினால் சில வகைகளில் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை சிங்க்ரோ வளையத்தை அரிக்கும். அச்சில் உள்ள டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் ஜி.எல்.-5 தாராளமாக ஊற்றலாம்.

பெயிண்ட் அடித்தபிறகு லைட், ஹாரன் எதுவும் சரியாக வேலை செய்யவில்லையே?

எர்த் போயிருக்கும். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கிறது. ஒவ்வொரு எர்த் முனையிலும் ஒரு ரூபாய் நாணய அளவு இரும்பு தெரியச் சுரண்டி, முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரியிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து இன்ஜின், சேஸிஸிலிருந்து பாடி என்று மூன்று பட்டை வேண்டும். ஹெட்லைட்டுக்கு 60/55 வாட் ஹெச்-4 பல்பு இரண்டு போட்டால் 10 ஆம்பியர் ஓடும். பழைய ஸ்விட்ச் உருகும். ரிலே, தனி ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர் கட்டாயம்.

டிங்கரிங், பெயிண்டுக்கு எந்த மாதம் நல்லது?

தை முதல் பங்குனி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பெயிண்டுக்கு அடியில் சிக்கிக் கொப்புளமாக வரும். அக்னி நட்சத்திரத்தில் தகடு சுடும். தின்னர் மேலே சட்டென்று காய்ந்து உள்ளே வாயு அடைந்து ஊசித்துளை விழும். அப்போதுதான் முடியும் என்றால் விடியற்காலையில், மெதுவாகக் காயும் தின்னரோடு அடியுங்கள்.

அடிப்பூச்சு எபாக்ஸி இரண்டு கோட். வெறும் ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். ஒரு மழைக்காலம் அப்படியே நின்ற வண்டியில் அடியில் துரு ஓடியிருக்கும். பட்டி 2, 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி தடியாக இருக்கிறது. டிங்கர் வேலை முடிந்ததும், காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள்.

பின் தொட்டிக்குப் பலகையா, தகடா?

சரக்கு ஏற்றுவதானால் தகடு. பலகை பார்க்க அழகு, தாங்கவும் செய்யும்: நன்கு காய்ந்த வேங்கை அல்லது தேக்கு, ஒரு இன்ச் கனம், நடுவே 3, 4 மி.மீ. இடைவெளி. பலகையின் வெட்டு முனை உட்பட ஆறு பக்கமும் எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசியபிறகே மாட்டுங்கள். முனையைப் பூசாமல் விட்டால் தண்ணீர் அங்கேதான் ஏறும்.

ஆம்பூர் தோலிலேயே சீட் தைக்கலாமா?

தைக்கலாம், தோல் தேர்வில் கவனம். ஷூவுக்குப் பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், சீட்டுக்கு 1.0 முதல் 1.2 மி.மீ. கனத்தில், வெயில் தாங்கும் பூச்சுள்ள அப்ஹோல்ஸ்டரி தோல் என்று கேளுங்கள். ஒரு பெஞ்ச் சீட்டுக்கு, வெட்டில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 30 முதல் 40 சதுர அடி ஆகும். பழைய கவரைத் தையல் பிரித்து அதையே அளவுக்கு வையுங்கள். கதவில்லாத திறந்த ஜீப்புக்குத் தோல் வேண்டாம், நல்ல ரெக்சின் போதும்.

நம் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய எவ்வளவு இடம் உண்டு?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஜின் மாற்ற முன் அனுமதி வேண்டும். சேஸிஸை வெட்டுவது, நீட்டுவது பக்கமே போகாதீர்கள்.

சட்டத்துக்கு அப்பாலும் எங்கள் கருத்து இதுதான்: எதை மாற்றினாலும் பழையபடி திருப்பி மாட்ட முடிகிற மாதிரி மாற்றுங்கள். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர், ரிலே, டேண்டம் சிலிண்டர், மூன்று முனை சீட் பெல்ட், இவையெல்லாம் வண்டியை அன்றாடம் ஓட்ட வசதியாக்கும். மட்கார்டைத் தாண்டி நிற்கும் அகல டயர் கிங்பின்னையும் வீல் பேரிங்கையும் தின்னும். கழற்றிய அசல் பாகங்களை விற்காமல் எண்ணெய் தடவிக் கட்டிவையுங்கள்.

பாகங்கள் எங்கே?

சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு சிவாஜிநகர். இரண்டுக்கும் காட்பாடியில் ரயிலேறிக் காலையில் போய் ராத்திரி திரும்பலாம். பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல் பழைய பாகத்தைக் கையில் கொண்டு போங்கள். கிங்பின், பிரேக் கிட், ஸ்டியரிங் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள். கதவு, பானட், டேஷ்போர்டு பழையதுதான் நன்றாகப் பொருந்தும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். அவ்வளவு பழையதை விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

முதல் ஓட்டத்தை எப்படி வைப்பது?

முதல் நாள் தெருவுக்குள், பிரேக் மட்டும் சோதனை. பிறகு 50 கி.மீ. சமதரையில், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல், திரும்பியதும் சக்கர நட்டு, கமான் யு-போல்ட், ஆறியபின் ஹெட் போல்ட் மறுபடி முடுக்குங்கள். ஒவ்வொரு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரம் உரசுகிறது. இன்ஜின் புதிதாகக் கட்டியிருந்தால் 500 கி.மீ.யில் ஆயில் மாற்றம். அதற்குப் பிறகே ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவும் ஏறிவிட்டால் கூலிங் சரி. இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்கள். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பாதி மலையில் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, டிரம்மில் தண்ணீர் ஊற்றாமல், தானாக ஆறும்வரை நிறுத்திவையுங்கள்.